தேக்குத் தரையில் ஏழு மெழுகுவர்த்திகள்

1. ஒட்டவைத்த விதம்

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் விருந்தினர் இல்லத்தில் பொறுப்பாளராக நான் பணியேற்ற இரண்டாவது மாதத்தில், அந்த இல்லத்தின் மாடிக்கூடத்துத் தேக்குத் தரையில் என் கையாலேயே ஏழு மெழுகுவர்த்திகளை ஒட்டவைத்தேன். எண்பதுகளின் நடுப்பகுதியில் நடந்தது இது. இன்று விடுதிகளிலும் விருந்தினர் இல்லங்களிலும் பணிபுரியும் இளைஞர்களுக்குப் பயன்படலாம் என்று கருதி, என் பிழைகளையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் அங்கு வந்த காரணத்தை முதலில் கூற வேண்டும். அதற்கு முன் ஆறு ஆண்டுகள் அதே ஆலையின் கோன் வைண்டிங் பிரிவில், அதாவது நூலைக் கூம்புகளில் சுற்றும் பிரிவில், வேலை பார்த்தேன். பஞ்சுத் தூசி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இழுப்பு வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள என் வீட்டிலிருந்து பேருந்தில் வந்து இறங்கி, ஆலை வாயிலை அடைவதற்குள் மூன்று இடங்களில் நின்று மூச்சு வாங்குவேன். மருத்துவர் எழுதிய சீட்டைப் பார்த்த முதலாளி என்னை விருந்தினர் இல்லத்துக்கு மாற்றினார். ஆறு மாதம் தற்காலிகம். வேலை திருப்தியாக இருந்தால் நிரந்தரம். இல்லையேல் மறுபடியும் வைண்டிங். முதல் மாத முடிவிலேயே மாடிப்படியை நிற்காமல் ஏறும் அளவுக்கு என் மூச்சு சீர்பட்டிருந்தது. ஆகவே அந்த வேலை எனக்குச் சம்பளம் மட்டுமல்ல, மூச்சும்தான்.

மாடிக்கூடத்தின் தரை பர்மாத் தேக்குப் பலகைகளால் ஆனது. முதலாளியின் தந்தையார் போட்டது. முதல் நாள் மேலாளர் சபாபதி என்னை அங்கே நிறுத்திச் சட்டங்களைச் சொன்னார்.

"செருப்புக்கால் படப்பிடாது. தண்ணிய ஊத்திக் கழுவப்பிடாது. கட்டில நகட்டணும்னா தூக்கித்தான் நகட்டணும். முதலாளி வந்தாகன்னா வெறுங்காலோட இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பாக. நூல விரல்ல உருட்டிப் பார்த்தே பருமன் எத்தன கவுண்ட்டுன்னு சொல்றவுக அவுக. கால்ல ஒரு மணல் தட்டுப்பட்டாலும் யாருன்னு கேப்பாக."

மெழுகுவர்த்தியைப் பற்றி அவர் எதுவும் கூறவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கோயம்புத்தூரிலிருந்து இயந்திர நிறுவனத்தின் பொறியாளர் இருவர் வந்தனர். புதிய இயந்திரங்களை எங்கெங்கே நிறுத்துவது என்பதற்கான வரைபடத்தைக் கொண்டுவந்திருந்தனர். ஒரு கட்டில் விரிப்பை விடப் பெரியது அது, மேசை போதவில்லை. தரையிலேயே விரித்து, மேலாளரும் அவர்களுமாக மூவரும் சுற்றிக் குந்தியிருந்தனர். மழை மேகம் மூடியிருந்த நேரம். மின்சாரம் நின்றது. ஜெனரேட்டர் ஆலைக்கு மட்டும்தான்.

"ஏய்யா, மெழுகுவர்த்தி இல்லையா? சுத்திவர வையி!" என்று மேலாளர் குரல் கொடுத்தார்.

எங்கள் பக்கத்து வீடுகளில் மெழுகுவர்த்திக்கென்று தனித் தாங்கி கிடையாது. திரியைப் பற்றவைத்து, சாய்த்து, தரையில் நாலு சொட்டு விட்டு, அந்தச் சூட்டிலேயே அடிப்பாகத்தை அழுத்தினால் நிற்கும். மறுநாள் பிளேடால் நெம்பினால் சிமெண்டுத் தரையிலிருந்து வில்லையாகப் பெயர்ந்து வரும். நினைவு தெரிந்த நாளிலிருந்து அவ்வாறே செய்து பழகியவன் நான். அன்றும் என் கைகள் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அவ்வாறே செய்தன. மேலாளரோ பொறியாளரோ அதை விந்தையாகக் கருதவில்லை. அவர்கள் வீட்டிலும் அப்படித்தான்.

மலைப்பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. காற்றில் சுடர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெழுகு மளமளவென்று இறங்கியது. ஒரு மணி நேரத்தில் மின்சாரம் வந்தது. வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு பொறியாளர்கள் விடைபெற்றார்கள். தரையில் ஏழு குளங்கள். அவற்றுள் ஒன்று நன்கு வார்த்த தோசையின் அளவு.

2. மேலாளரின் ஆணை

திங்கட்கிழமை காலை மேலாளர் வந்து பார்த்தார்.

"என்னய்யா இது?"

"நேத்து நீங்க வைக்கச் சொன்ன மெழுகுவர்த்தி, சார்."

"வைக்கத்தான சொன்னேன்? ஊத்தவா சொன்னேன்?"

குனிந்து ஒரு குளத்தை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"முதலாளி மெட்ராஸ்ல இருக்காக. வெள்ளிக்கெழம வாராக. அதுக்குள்ள இது போகலேன்னா சனிக்கெழம காலைல ஷிப்டுக்கு நீ வைண்டிங்ல நிக்கே."

"முதலாளிக்கு ஒரு போன் போட்டு விசயத்தச் சொல்லிரட்டுமா, சார்?"

"போன் போட்டு? வைக்கச் சொன்னது யாருன்னு அவுக கேப்பாக, நீ எம் பேரச் சொல்லுவே. வாயத் தொறக்காதே. தரையப் பாரு."

3. வெந்நீர்

சமையலும் கூட்டித் துடைக்கும் பணியும் வேலம்மாள் அக்காவுடையவை. அந்த இல்லத்தில் என்னைவிடப் பத்து ஆண்டு மூத்தவர். நான் தோசைத் திருப்பியால் மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்ததைச் சற்று நேரம் இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். மெழுகின் மேல்பகுதி வந்தது. அடிப்பகுதி பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றது. திருப்பியின் முனை தேக்கில் ஒரு கீறலும் போட்டது.

"தம்பி, இத ஏன் போட்டுப் பிராண்டுதீக? வெந்நி ஊத்துனா உருகாத மெழுகு எந்த ஊர்ல இருக்கு?"

மேலாளர் கூறிய இரண்டாவது சட்டம் அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கு வரவில்லை. அக்கா கொண்டுவந்த செம்பை வாங்கி ஊற்றினேன். மெழுகு உருகியது. அக்கா சொன்னது உண்மையே. உருகிய மெழுகு எங்கே போகும் என்பதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. அது பலகைகளுக்கு இடையிலுள்ள இடுக்குகளில் இறங்கி, நீளநீளமாக ஓடி, வெள்ளைக் கோடுகளாக உறைந்தது. நீர் பட்ட இடமெல்லாம் சாம்பல் பூத்தது.

"முந்தி ஏழு ஊருதான் இருந்துச்சு. இப்ப ஊருக்கு ஊரு ரோடுல்லா போட்டிருக்கு!" என்றார் அக்கா.

"நீங்கதானக்கா ஊத்தச் சொன்னீக."

"நான் வெந்நிதான் வச்சுக் குடுத்தேன். ஊத்துன கை யாரு கை?"

செம்பைக் கீழே வைத்துவிட்டுத் துடைக்கத் துணி தேடப் போனேன்.

4. சூசையண்ணன் சொன்ன முறை

அன்று மாலை ஊர் திரும்பும் பேருந்தில்தான், மெழுகோடு நாள்தோறும் போராடும் ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறார் என்பது என் நினைவுக்கு வந்தது. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்த மாதா கோயிலைத் திறந்து, மணியடித்து, பெருக்கிப் பூட்டுபவர் சூசையண்ணன். பீடத்தைச் சுற்றி மரப்பலகைத் தளம் உண்டு. நான் போனபோது அவர் மாலை மணியை அடித்து முடித்திருந்தார். என் கதையைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"முப்பது வருசமா மெழுகு சொரண்டுதேன். இன்னைக்குத்தான் ஒருத்தன் எங்கிட்ட வந்து எப்படின்னு கேட்டிருக்கான். உக்காரும். கத்தி வச்சீரா?"

"தோசைத் திருப்பி வச்சேன், அண்ணே."

"வெந்நி ஊத்துனீரா?"

"ஊத்துனேன்."

அவர் கண்களை மூடிச் சிலுவை இட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்.

"மெழுகு சூட்டுக்கு ஓடும், குளுருக்கு ஒடையும். மொதல்ல குளுர வையும். ஐஸ் கட்டிய பிளாஸ்டிக் பையில போட்டுக் கட்டி மேல வையும். ஒரு சொட்டுத் தண்ணி மரத்துல படப்பிடாது. கல்லாட்டம் ஆனப்பொறவு கத்தி வேண்டாம், ஒடஞ்ச சீப்போட முதுகு போதும். மரத்தோட ரேக ஓடுத பக்கமே தள்ளும், குறுக்க போகாதீரு. மிச்சம் மரத்துக்குள்ள எறங்கியிருக்கும்லா? அதுக்கு மை ஒத்துத தாள விரிச்சு, மேல இஸ்திரிப் பெட்டிய எளஞ்சூட்டுல வையும். தாளு குடிச்சிரும். குடிச்ச தாளத் தூரப் போட்டுட்டு வேற தாளு. கடேசியா டர்பன்டைனத் துணியில தொட்டுத் தொடையும்."

"எம்புட்டு நேரமாகும், அண்ணே?"

"நேரத்தக் கேக்கப்பிடாது. பூசைக்கு நேரமாச்சேன்னு நான் அவசரப்பட்ட எடம் அம்புட்டும் இன்னைக்கும் கருப்பா இருக்கு. வந்து பாரும்."

உள்ளே அழைத்துப் போய்க் காட்டினார். இருந்தது.

5. வெளுத்துப்போன ஏழு வட்டங்கள்

செவ்வாய், புதன் இரண்டு நாளும் சூசையண்ணன் சொன்னபடியே செய்தேன். பனிக்கட்டி விருந்தினர் இல்லத்தின் குளிர்பெட்டியில் கிடைத்தது. சீப்பு வேலம்மாள் அக்காவுடையது. அது ஏற்கெனவே உடைந்திருந்ததால் தடையில்லை. மை ஒற்றும் தாள்தான் சிக்கலாக இருந்தது. ஆலை அலுவலகத்தில் இருந்த கட்டு முழுவதையும் கொண்டுவந்துவிட்டேன். அடுத்த சில வாரங்கள் அந்த ஆலையிலிருந்து சென்ற கடிதங்களில் மேலாளரின் கையெழுத்து சற்றுப் பரவிக் காணப்பட்டதற்குக் காரணம் இதுவே.

புதன்கிழமை பிற்பகல் கடைசி மெழுகும் தாளில் ஏறியது. இடுக்குகளில் இருந்ததைக்கூட, தாளை மடித்துச் செருகிச் சூடு காட்டி எடுத்துவிட்டேன். கீறலும் தேய்ந்து மறைந்தது. டர்பன்டைன் தொட்டுத் துடைத்துவிட்டு எழுந்து நின்று பார்த்தேன்.

மெழுகு இல்லை. அதற்குப் பதிலாக, கன்னங்கரிய தரையின் நடுவே ஏழு பொன்னிற வட்டங்கள் பளிச்சென்று மின்னின.

தேக்கின் உண்மை நிறம் அதுதான். தமக்கு முன் இருந்தவர்களைப் போலவே, பத்து ஆண்டுகளாக வேலம்மாள் அக்கா வாரந்தவறாமல் கடலை எண்ணெய் போட்டுத் துடைத்து வந்தார். ஆலையிலிருந்து பறந்து வந்த பஞ்சுத் தூசி அந்த எண்ணெயில் ஒட்டி, ஒட்டி, ஒரு தோலாகவே படிந்திருந்தது. நான் மெழுகோடு தோலையும் உரித்திருக்கிறேன்.

"நல்லா இருந்த தரைய வெளுக்க வச்சிட்டீகளே!" என்று அக்கா வருந்தினார். வட்டங்களில் எண்ணெய் பூசிப் பார்த்தோம். பொன்னிறம் இன்னும் அழகாக மின்னியதே தவிர, கறுக்கவில்லை.

அந்த நேரத்தில் தேநீருக்காக வந்தவர் தர்மராஜ். ஆலையில் தரக் கட்டுப்பாடு அவர் பொறுப்பு. நூல் கோன்கள் எல்லாம் ஒரே நிறத்தில் இருக்கின்றனவா என்று நாள் முழுதும் பார்ப்பதே வேலை. வாசலில் நின்றவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணே, இது ஷேட் வேரியேஷன்."

"மெழுகு போயிருச்சுல்லா, தர்மராஜ்?"

"மெழுகு போகும், வரும். ஷேட் போனா போனதுதான். ஒரு பெட்டியில ஒரு கோன் வெளுத்திருந்தாலே வாங்குத பார்ட்டி மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பிருவான். இங்க ஏழு கோன் வெளுத்துக் கெடக்கு. முதலாளி கண்ணுக்கு இது தப்புமா?"

"இப்ப என்ன செய்ய?"

"வெளுத்ததக் கறுப்பாக்க முடியாது. கறுத்தத வெளுப்பாக்கலாம். மொத்தத் தரையையும் இதே ஷேடுக்குக் கொண்டாந்துருவோம்."

ஆலையில் வேலை செய்யாத ஒருவருக்கு இந்த யோசனை பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஒரு பாயையோ சமுக்காளத்தையோ விரித்திருந்தால் போதும் என்று இப்போது படுகிறது. அன்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. நிறம் மாறிய நூலைத் தவிர வேறு எந்தக் குற்றத்தையும் பெரிதாக எண்ணாத ஊரில் வளர்ந்தவர்கள் நாங்கள்.

தர்மராஜ் தம் வீட்டு இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்தார். தாள் தீர்ந்ததும், கோன்களைச் சுற்றி அனுப்பும் தாளை எடுத்தோம். நானும் அவரும் பெட்டி. அக்கா டர்பன்டைன் துணி. முழங்காலிட்டு, பலகை பலகையாகக் கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நகர்ந்தோம். டர்பன்டைன் நெடியில் எனக்கு மறுபடி இழுப்பு எட்டிப் பார்த்தது. அவ்வப்போது ஜன்னலுக்குப் போய் மூச்சைப் பிடித்துவிட்டு வந்தேன்.

"வைண்டிங்குக்குப் போகாம இருக்கதுக்காக இங்கயே செத்துப்போயிராதீக," என்றார் அக்கா.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடைசிப் பலகை முடிந்தது. தர்மராஜ் ஜன்னல்களையெல்லாம் சாத்தச் சொல்லி, கோன்களைச் சோதிக்கும் ஊதா விளக்கைத் தரைமேல் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று வந்தார்.

"பாஸ்," என்றார்.

6. முதலாளியின் கால்

முதலாளி பதினொரு மணிக்கு வந்தார். மாடிப்படி அருகே செருப்பைக் கழற்றினார். மேலாளர் அவருக்குப் பின்னால். நாங்கள் மூவரும் சுவரோரம். தமிழிலேயே பேசும் முதலாளிக்குக் கோபமோ வியப்போ மிகுந்தால் மட்டும் வீட்டுமொழியான தெலுங்கு வாயில் வரும். நாலு அடி வைத்தார், நின்றார்.

"இதேமிரா!" இது என்னடா என்று பொருள்.

குனிந்து பார்த்தார். இன்னும் இரண்டு அடி வைத்தார்.

"எங்கப்பா போட்ட தரை எங்கய்யா?"

மேலாளர் பக்கம் திரும்பினார்.

"சபாபதி, நான் நாலு நாள் ஊர்ல இல்ல. பர்மாத் தேக்கப் பேத்து எடுத்துட்டு, புதுப் பலகை அடிச்சு வச்சிருக்கியா? யாருக்குய்யா வித்தே?"

மேலாளர் என் பக்கம் கையைக் காட்டினார். "இங்க பொறுப்பு இவருதான், முதலாளி."

மெழுகைக் கொட்டியவன் என்ற பழிக்கு அஞ்சித்தான் நான்கு நாள் முழங்காலில் நடந்தேன். இப்போது தரையையே திருடியவன் என்ற பழி வந்து நிற்கிறது. இந்தப் பழியோடு வைண்டிங் பிரிவுக்குக்கூடப் போக முடியாது. நேரே காவல் நிலையம்தான்.

"தரை அதே தரைதான், முதலாளி," என்றேன்.

"எங் கால் பொய் சொல்லுமா? சின்ன வயசுலருந்து இதுல நடக்கேன். இது வேற மரம்."

எனக்கு அப்போதுதான் கூடத்தின் கோடியில் இருந்த அறை கண்ணில் பட்டது. அது முதலாளியின் சொந்த அறை. சாவி அவரிடம் மட்டுமே இருக்கும்; அவர் திறந்துவிடும்போதுதான் அக்கா அங்கே எண்ணெய் போட்டுத் துடைப்பார். இந்த நான்கு நாளும் நாங்கள் அதற்குள் போகவே இல்லை.

"முதலாளி, உங்க ரூமக் கொஞ்சம் தொறங்க. பலகை அந்தக் கதவுக்கு அடியிலயே உள்ள ஓடுது."

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திறந்தார். வாசல்படி இல்லாத கதவு அது. கூடத்தில் தொடங்கிய பலகைகள் கதவைத் தாண்டி உள்ளே ஓடின. கதவுக்கு வெளியே பொன்னிறம்; உள்ளே பழைய கறுப்பு. ஒரே பலகையில் பாதி அது, பாதி இது. முதலாளி குந்தி அமர்ந்து, நிறம் மாறும் இடத்தில் கட்டைவிரல் நகத்தை இப்படியும் அப்படியும் ஓட்டிப் பார்த்தார். ஒட்டு இல்லை.

"ஒரே பலகைதான்," என்றார் மெதுவாக. "அப்ப எதுக்கு இந்தத் தேய்ப்புத் தேய்ச்சே?"

மேலாளர் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று வேண்டாம் என்று தலையசைத்தார். எனக்கு மூச்சு முட்டியது. அது இழுப்பால் அன்று.

"மெழுகு கொட்டிட்டேன், முதலாளி. கரண்டு போச்சு. சிமெண்டுத் தரைன்னு நெனச்சு நான்தான் ஒட்டவச்சேன்."

பிறகு சுவரோரத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. "வெந்நி வச்சுக் குடுத்தது நானு, முதலாளி."

"ஷேட் பார்த்தது நான், சார்," என்றார் தர்மராஜ்.

எல்லோரும் மேலாளரைப் பார்த்தோம். அவர் தொண்டையைச் செருமினார். "மெழுகுவர்த்தி வைக்கச் சொன்னது நான்தான், முதலாளி. ஊத்தச் சொல்லல."

முதலாளி எழுந்தார். "அட, ஒரு போன் போட்டிருந்தா, கெடக்கு விடுன்னு சொல்லியிருப்பேனே! இதுக்கா நாலு பேரு நாலு நாள் தவங் கெடந்தீக?" என்றவர், என்னிடம் திரும்பினார். "மெழுகு எங்கெங்க கொட்டுச்சு? காட்டு."

ஏழு இடங்களையும் காட்டினேன். ஒவ்வொன்றிலும் கண்ணை மூடிக் காலைத் தேய்த்துப் பார்த்தார். ஏழாவது இடத்தில் அவர் முகம் மாறியது.

"இந்த ஏழு எடந்தான்யா வெண்ணெயாட்டம் வழவழன்னு இருக்கு. மத்த எடத்துல இந்தச் சொகம் இல்ல. என் ரூமுக்கும் இதே மாதிரி பண்ணிரு."

"சரி, முதலாளி. அதுக்கு மெழுகு வேண்டியதில்ல. தாளும் பெட்டியும் போதும்."

"யாரு சொன்னா? மெழுகு பட்ட எடந்தான் நல்லாருக்கு. ரூம் முழுக்க ஊத்திரு."

நான் மறுத்துச் சொல்ல வாயெடுத்தேன். தர்மராஜ் முந்திக்கொண்டார்.

"ஒரே லாட்டுக்கு ஒரே ப்ராசஸ், முதலாளி. அதான் சரி."

படியிறங்கும்போது முதலாளி மேலாளரிடம் சொன்னது எங்கள் காதில் விழுந்தது. "இந்த ஆளுக்கு நிரந்தர ஆர்டர் போட்டிரு. இம்புட்டுப் பொறுமை உள்ளவன வைண்டிங்ல தூசிக்குள்ள வச்சு என்ன செய்ய?"

7. ஆணைப்படி ஊற்றியது

திங்கட்கிழமை காலை, மின்சாரம் நன்றாக இருக்கும்போதே, இரண்டு பெட்டி மெழுகுவர்த்திகளைக் கொளுத்தி, முதலாளியின் அறையில் மூலையிலிருந்து தொடங்கி ஊற்றினேன். காற்று வராமல் ஜன்னலுக்கு முன்னால் மறைத்து நின்றவர் மேலாளர். முதலாளியின் உத்தரவு அது.

"அந்தப் பலகையில ஒரு எடம் விட்டுப் போச்சு பாருங்க," என்றார் மேலாளர். இரண்டு மாதத்தில் முதன்முறையாக என்னைப் பன்மையில் அழைத்தார். ஊற்றி முடிக்க அரை நாள். எடுக்க மூன்று நாள். தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஓய்வு பெறும்வரை அந்த இல்லத்திலேயே இருந்தேன். இழுப்பு மழைக்காலத்தில் மட்டும் எப்போதாவது வரும்.

இளைஞர்களுக்கு நான் கூற விரும்புவது இவ்வளவே. மெழுகு சிந்தினால் தானாக இறுகும்வரை தொடாதீர்கள். வெந்நீர் அடுப்பிலேயே இருக்கட்டும். இஸ்திரிப் பெட்டியின் சூட்டை முதலில் உங்கள் கையருகே வைத்துப் பாருங்கள். இவை அனைத்துக்கும் முன்பாக, தரை யாருடையதோ அவரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவருடைய கோபம் அரை மணி நேரம் இருக்கும். எங்கள் மூவருக்கும் முழங்கால் வலி தீபாவளிவரை இருந்தது.